யாருடைய கை வெறுங்கை?

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது 'தொழில்முனைவோர் நாள்' கொண்டாடுகிறார்கள். ஊரில் பெயர் பெற்ற கடை முதலாளி ஒருவர் சிறப்பு விருந்தினராக வருவார். பொன்னாடை போர்த்துவார்கள். "மக்களே, நான் இந்த டவுனுக்கு வெறுங்கையோடதான் வந்தேன்" என்று தொடங்குவார். பிறகு பாடங்கள் வரிசையாக வரும். அதிகாலையில் எழு. கணக்கை அன்றன்றே எழுது. துணிந்து கடன் வாங்கு. வாங்கியதைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடு. வாடிக்கையாளரிடம் முகம் சுளிக்காதே. மாணவனாகவும் ஆய்வாளனாகவும் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டேன். இதுவே புத்தகமாகப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்குகிறது. நேர்காணலாக யூடியூபில் ஓடுகிறது.

அந்தப் பாடங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதிகாலையில் எழுவது நல்லதுதான். என் சண்டை அந்த முதல் வாக்கியத்தோடு. 'வெறுங்கை' என்ற ஒற்றைச் சொல் ஒரு மாவட்டத்தின் வரலாற்றையே விழுங்கி ஏப்பம் விடுகிறது. அதைக் கேட்டுக் கைதட்டும் மாணவர்களில், தன் தகப்பனும் அதே பாடங்களைப் பின்பற்றித் தோற்றுப்போனதைப் பார்த்தவர்கள் சிலராவது இருப்பார்கள். தவறு தங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்ற முடிவோடுதான் அவர்கள் அரங்கத்தைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. இந்தப் பேச்சு செய்கிற உண்மையான கேடு அதுதான்.

என் அப்பா திருவனந்தபுரத்தில் 11 ஆண்டுகள் சாயா மாஸ்டராக வேலை பார்த்தவர். 2006-ல் ஊர் திரும்பி, எங்கள் சாம்பவர் குடியிருப்புக்கு வெளியே, நாலு ஊர்ச் சாலைகள் சேரும் முக்கில் சொந்தமாகச் சாயாக்கடை போட்டார். அதிகாலை மூன்றரைக்கு எழுவார். பாலில் தண்ணீர் சேர்க்கமாட்டார். அவருடைய ரசவடைக்குத் திருவனந்தபுரத்திலேயே ஆள் உண்டு. கணக்கு நோட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது; ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மேடையில் சொல்லப்படும் பாடங்கள் அனைத்திலும் முழு மதிப்பெண் வாங்கக்கூடிய மனிதர்.

முதல் வாரம் கடையில் நிற்க இடமில்லை. பிறகு கேள்வி வந்தது. "ஆருக்க மொவன்டே நீ? வீடு எந்த இடத்துல?" அப்பா மறைக்கவில்லை. முக்கிலிருந்து குடியிருப்புக்கு அரைக் கிலோமீட்டர், மறைக்கவும் முடியாது. இரண்டாம் மாதத்திலிருந்து ரசவடை பாதிக்குப் பாதி மிஞ்சியது. எவரும் சண்டைக்கு வரவில்லை, எவரும் திட்டவில்லை. வழியில் பார்த்தால் சிரித்தார்கள். சாயா மட்டும் எதிர்க்கடையில் குடித்தார்கள். 14 மாதத்தில் அப்பா கடையை மூடினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றாமல், ஆளாளுக்குச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதை எந்தக் காவல்நிலையத்தில் எழுதி வாங்குவார்கள்?

இது ஒரு குக்கிராமத்துச் சாயாக்கடையின் துயரம் என்று தள்ளிவிட வேண்டாம். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-ல் இந்தியா திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடா அரசுப் பணியில் தங்குவதற்கு ஓர் அறைகூடக் கிடைக்காமல் வெளியேறினார். பிறகு பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் முடிந்தது. பணத்தைப் பற்றி இந்த நாட்டில் அவருக்கு மேல் தெரிந்தவர் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவருடைய கல்வியாலேயே தாண்ட முடியாத சுவரை அப்பாவின் ரசவடை தாண்டியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வாடிக்கையாளர் கதை கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதி தவணை.

நான் அப்போது பள்ளி மாணவன். மொத்தக் கடையிலிருந்து சீனியும் தேயிலையும் மைதாவும் எடுத்து வருவது என் வேலை. எதிர்க்கடைக்காரருக்கு 15 நாள் தவணை, அப்பாவுக்கு ரொக்கம். ஏன் என்று கேட்டபோது கல்லாவில் இருந்தவர் கோபப்படவில்லை. "அவிய நமக்குத் தெரிஞ்ச ஆளுவல்லா" என்றார். ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கும் கடைக்கு 15 நாள் தவணை என்றால், 9,000 ரூபாய் வட்டியில்லாமல் எப்போதும் கையில் சுழல்கிறது என்று பொருள். அதே 9,000 ரூபாயை அப்பா நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்கினார். மாதம் 450 ரூபாய் வட்டி. கடை வாடகையே 500 ரூபாய்தான். ஆக, எதிர்க்கடைக்காரர் ஒரு வாடகை கட்டினார். அப்பா ஏறத்தாழ இரண்டு வாடகை கட்டினார். சாயாவின் விலை இரண்டு கடையிலும் ஒன்றுதான்.

'தெரிஞ்ச ஆளு' என்பதற்குள் என்ன இருக்கிறது? பெண் கொடுத்து எடுத்த உறவு இருக்கிறது. கோயில் கொடையிலோ சபைக் கமிட்டியிலோ சேர்ந்து உட்காரும் பழக்கம் இருக்கிறது. இவன் ஓடிப்போனால் இவன் மாமனிடம் கேட்கலாம் என்ற உறுதி இருக்கிறது. வணிகத்தில் 'நம்பிக்கை' என்று புகழப்படுவது பெரும்பாலும் இந்த வலைதான். அதன் எல்லை சாதியின் எல்லையோடு முடிகிறது. அந்த வலைக்குள் பிறந்தவர் டவுனுக்கு வரும்போது சட்டைப்பை காலியாக இருக்கலாம். கை காலியாக இல்லை.

இதை வசைக்காகச் சொல்லவில்லை. குமரி மாவட்டத்து வணிகர்கள் பலரும் பெருமையோடு சொல்லும் நாடார் வணிக வரலாறே இதற்குச் சாட்சி. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் 'மகமை' என்ற பொதுநிதியை உருவாக்கினார்கள். வாங்கும், விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு பங்கு. உறவின்முறை அதைத் திரட்டியது. வண்டிமாடும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள், பள்ளிக்கூடங்கள், நொடித்தவருக்குக் கைகொடுக்க உதவி என்று அந்த நிதி வேலை செய்தது. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது; 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

இதைச் செய்தவர்கள் யார்? கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டு, 1908-ல் பிரிவி கவுன்சில்வரை போய்த் தோற்றவர்கள். 1899-ல் சிவகாசியில் தாக்கப்பட்டவர்கள். இங்கே தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகத் தெருவில் அடிவாங்கிப் போராடி, 1859-ல் அரச ஆணையைப் பெற்ற பெண்களின் வழிவந்தவர்கள். இப்படிப்பட்ட கூட்டு வரலாற்றின் வாரிசு மேடையேறி 'நான் தனியாளாக வென்றேன்' என்று சொல்லும்போது, முதலில் அவமதிக்கப்படுபவர்கள் அவருடைய பாட்டிகளே. 'நாம்' என்று பேசவேண்டிய இடத்தில் 'நான்' என்பது திருட்டு. அந்த 'நாம்' எங்கே நின்றுவிட்டது என்று சொல்லாமல் விடுவது இரண்டாவது திருட்டு.

என் அம்மா அண்டி ஆபீசில் வேலை செய்தவர். அண்டிப்பால் பட்டு அவர் விரல்நுனிகளில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவர் கையை அடையாளம் கொள்வதில்லை. அவரோடு வரிசையில் உட்கார்ந்து அண்டி தல்லியவர்களில் பலர் நாடார் பெண்கள். அவர்களுக்கும் அந்த வெற்றிக் கதையில் இடமில்லை. சாதிப் பெருமை அவர்களுக்குக் கிடைத்தது; தவணை கிடைக்கவில்லை. ஆனால் வேலைக்குள்ளும் சாதி வரிசை உண்டு என்பதைப் பக்கத்துக் கொல்லத்து முந்திரி ஆலைகளை ஆராய்ந்த அன்னா லிண்ட்பெர்க் பதிவு செய்திருக்கிறார். கை வேகும் தல்லும் வேலையில் தலித் பெண்கள். தரம் பிரிக்கும் சுத்தமான வேலையில் உயர்த்தப்பட்ட சாதிப் பெண்கள். ஒரே கூரை, ஒரே முதலாளி, வெவ்வேறு கைகள்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். "அவங்க மகமை சேர்த்தாங்க, முன்னேறினாங்க. நீங்களும் சேர்க்கலாமே?" நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. பதில் எளிது. மூட்டை இருந்தால்தான் மகமை. மூட்டைக்கு ஒரு பங்கு ஒதுக்க, முதலில் விற்பதற்கு ஒரு மூட்டை வேண்டும். அதை வாங்க மறுக்காத சந்தையும் வேண்டும். எங்கள் குடியிருப்பில் 20 பெண்கள் மாதம் 500 ரூபாய்ச் சீட்டு போடுகிறார்கள். மாதம் 10,000 ரூபாய். அது பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. கூலியிலிருந்து சேரும் பணம் அடுத்த இடியைத் தாங்க உதவும். அதுவே கடையாக மாற, வீட்டில் ஓராண்டுக்கு இடி எதுவும் விழக்கூடாது.

ஏன் மூட்டை இல்லை என்பதற்கும் தேதியும் எண்ணும் உண்டு. 1836-ல் திருவிதாங்கூர் அரசு எடுத்த கணக்கில் மொத்த மக்கள் சுமார் 12.8 லட்சம்; அதில் அடிமைகள் சுமார் 1.64 லட்சம். எட்டில் ஒருவர். புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில் நாட்டைப் பெருமையாகச் சொல்கிறோம். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் அந்த நெல்லை விளைவித்த கைகள் இவை. 1855-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. விடுதலையோடு நிலம் வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1892-க்குப் பிறகு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் இங்கே எட்டவில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் தமிழ்நாட்டிலேயே இல்லை. வயலை வைத்திருந்தவர் வீட்டில் நெல் பள்ளிக் கட்டணமாயிற்று, அரசு வேலையாயிற்று, டவுனில் கடையாயிற்று. வயலில் நின்றவர் வீட்டில் அது கூலியாகவே நின்றது.

அப்படியானால் எங்களிடம் தொழில் வரலாறும் தலைமை வரலாறும் இல்லையா? உண்டு. மேடையில் அதைச் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். இந்த மாவட்டத்தில் சீர்திருத்த மிஷன் வரலாறு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவரிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனவர். மிஷனரியை அனுப்புங்கள் என்று வற்புறுத்திக் கேட்டவர் அவர். அதன் விளைவாகவே 1806-ல் ரிங்கல்தௌபே இங்கு வந்தார், மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளிகள் பிறந்தன. இல்லாத ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்து, தூரம் நடந்து, ஆளைத் திரட்டி, அதை ஊருக்குள் கொண்டுவருவதற்குப் பெயர் தலைமை இல்லை என்றால் வேறு எது தலைமை? நான் கேட்ட எந்தத் தலைமைப் பண்பு வகுப்பிலும் அவர் பெயர் வரவில்லை. அந்தப் பள்ளிகளால் பல சாதியினர் உயர்ந்தார்கள். வாசலைத் திறந்து வைத்தவரின் குடியிருப்பு அதே வாசலுக்கு வெளியே நிற்கிறது.

1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேஸ் பின்னிச் சேர்த்த காசில் அடிமைச் சிறுமிகள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. நம் மாவட்டத்தின் மிகக் கடுமையான தொழில் கணக்கு அதுதான். ஒரு குழந்தை தன்னைத்தானே வாங்கிக்கொள்ள எத்தனை முழம் லேஸ் பின்ன வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் குமரியின் 'தொழில்முனைவு' பற்றி எவரும் வகுப்பெடுக்கக் கூடாது.

'நாம்' என்பதன் எல்லையை விரிக்கும் முயற்சியும் இதே மண்ணில் நடந்தது. வைகுண்டர் சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றைத் தோண்டி, சாதி பாராமல் அனைவரும் நீர் எடுக்க வைத்தார். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ண வைத்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். சுவாதித் திருநாள் ஆட்சி அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. மகமையும் முத்திரிக் கிணறும் இரண்டும் ஒடுக்கப்பட்டவர்களின் கண்டுபிடிப்புகள்தான். ஒன்று தன் சாதிக்கு வேலி கட்டிக் காப்பாற்றியது. இன்னொன்று வேலியை எடுத்துவிட்டுத் தண்ணீர் இறைத்தது. முதலாவது வங்கியாக வளர்ந்தது. இரண்டாவதை வழிபாட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். வணிக உலகம் முத்திரிக் கிணற்றை இன்னும் கட்டவில்லை.

முற்போக்குத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. "தலித் முதலாளிகள் வந்தால் மட்டும் சாதி ஒழிந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். ஒழியாது. அண்டி ஆபீஸ் முதலாளி தலித்தாக இருந்திருந்தால் அம்மாவின் விரல் ரேகை பிழைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பெருமுதலாளிகளின் பட்டியலில் நாலு தலித் பெயர்களைச் சேர்த்து, மூலதனமே சாதியைக் கொல்லும் என்று விற்கப்படும் கதையும் அதே 'வெறுங்கை' கதையின் புதிய பதிப்புதான். ஆனால் முக்கில் சாயாக்கடை வைப்பது முதலாளித்துவம் இல்லை. பொதுச்சாலையில் நடக்கும் உரிமை, பொதுக்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை, கோயிலுக்குள் நுழையும் உரிமை என்று போராடினோமே, அதே வரிசையில் வருவது பொதுச்சந்தையில் விற்கும் உரிமை. அதை 'வணிக ஆசை' என்று நாம் ஒதுக்கினால், சந்தையை முழுமையாகச் சாதிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

எண்கள் இதையே சொல்கின்றன. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள், மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம் இருந்த பட்டியல் சாதியினரிடம் நாட்டின் தொழிலகங்களில் 9.8 சதவீதம் மட்டுமே இருந்ததாகக் கண்டார்கள். மேலே போகப்போக இன்னும் இறுகுகிறது. இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களைப் பற்றி 2012-ல் வெளியான ஆய்வில், சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 சதவீதம். இத்தனை கோடிப் பேரும் அதிகாலையில் எழாத சோம்பேறிகள் என்று சொல்லத் துணிவிருந்தால் மட்டுமே 'உழைத்தால் உயரலாம்' என்று ஒருவர் மேடையில் பேசலாம்.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய்வரை கடன் தர வேண்டும் என்றது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. வரவேற்கிறேன். ஆனால் 9,000 ரூபாய்த் தவணை கிடைக்காமல் மூடிய கடை 10 லட்சத்தில் தொடங்கும் திட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. மானியம் எவ்வளவு இருந்தாலும் மீதிக் கடனுக்கு வங்கி மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கும் 'தெரிஞ்ச ஆளுவ' உண்டு.

எனவே கோரிக்கைகள் கீழிருந்து தொடங்கட்டும். கூட்டுறவு மொத்தப் பண்டகசாலைகள் பட்டியலினச் சிறுகடைக்காரர்களுக்கு 15 நாள் தவணையில் சரக்கு தரட்டும். அதற்கு அரசு பிணை நிற்கட்டும். பேருந்து நிலையங்கள், உள்ளாட்சிக் கட்டடங்கள், அரசு மருத்துவமனைகள், கல்லூரிகள் ஆகியவற்றில் உள்ள கடைகளிலும் உணவகங்களிலும் மக்கள்தொகைக்கேற்ற பங்கு, பினாமி இல்லாமல், வரட்டும். அரசு விடுதியில் தலித் சமைத்ததைச் சாப்பிட மறுப்பது குற்றம் என்றால், அரசு வளாகத்தில் தலித் விற்பதை ஊர் வாங்கிப் பழகட்டும். அரசிடம் சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தொழிலாளர், மேலாளர், இயக்குநர் பட்டியலைச் சாதிவாரியாக வெளியிடட்டும். தனியார் துறை இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் அந்தப் பட்டியலிலிருந்து வலுப்பெறும்.

தொழில்முனைவோர் நாள் நடத்தும் கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வென்றவரை அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு முதல் சரக்கைக் கடனாகத் தந்தவர் யார், முதல் ஜாமீன் கையெழுத்து யாருடையது, கல்லாவில் உட்கார வைத்த முதல் ஆள் யார் என்று மாணவர்கள் அவரிடம் கேட்கட்டும். அதே மேடையில் மூடிய கடையின் கணக்கு நோட்டையும் வைத்து வாசியுங்கள். வரவையும் செலவையும் வட்டியையும் வரி வரியாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வணிகவியல் மாணவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.